கடைமடை

நாற்பத்தொரு நாள்
என் பெயருக்கு நேரே ஒரே எழுத்து.
எஸ்தர் டீச்சர் சிவப்பு மையில் போட்டது.
நாற்பத்திரண்டாம் நாள்
டீச்சரே எங்கள் சந்துக்குள் வந்தார்,
சாக்கடைப் பலகையில் செருப்பு வழுக்க.
ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.
"வியாழக்கிழமை பஸ் வருது. வடாபாவ் உண்டு."
நான் தள்ளுவண்டியில் ஏழாவது டிரம்மை
ஏற்றிக்கொண்டிருந்தேன்.
"எங்கே?"
"தண்ணி வர்ற இடத்துக்கு."

சிரித்துவிட்டேன்.
தண்ணீர் வரும் இடம் எனக்குத் தெரியாதா?
நூர் பாய் கடைக்குப் பின்னால்,
மூன்றாம் குழாய், விடியாத மூன்றே முக்கால்.

வடாபாவுக்காகத்தான் போனேன்.
பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.
ஷாகுலும் வந்தான். ஜன்னலோரம் எனக்கு,
வாந்தி எடுக்கும் உரிமை அவனுக்கு.
தேவ்னார் குப்பைமலை வழக்கம்போல் புகைந்தது.
அதைத் தாண்டி நாங்கள் இருவரும்
பள்ளிச் சட்டையில் போனதே இல்லை.

பாண்டுப்பில்
வானத்தை நாலாய் மடித்து வைத்த மாதிரி தொட்டிகள்.
இவ்வளவு தண்ணீர் பக்கத்தில்
யாரும் சண்டை போடாமல் நிற்பதைப் பார்க்கக்
கூச்சமாயிருந்தது.
"ஒரு குடம் கொண்டாந்திருக்கலாம்" என்றாள் பாத்திமுத்து,
குரலைத் தாழ்த்தி.

தாம்ணேகர் என்ற இன்ஜினீயர்
சுவர்ப் படத்தைக் காட்டினார்.
நீலக் கோடுகள், கிளைகள், கிளையின் கிளைகள்.
சீத்தா கேம்ப்பை எட்டுமுன்
தலைமுடி கனத்துக்கு மெலிந்து
கோடு நின்றுவிட்டது.
"டெயில் எண்ட்" என்றார்.
"கடைமடை" என்றார் டீச்சர், எங்களுக்காக.
"அங்கே அழுத்தம் ஏன் குறைகிறது? யார் சொல்வீர்கள்?"

முதல் பெஞ்சு வரையறை சொன்னது.
என் வாய் தானாகத் திறந்தது,
பாதி இந்தி, பாதி மராத்தி:
சார், முதல் ஐந்து நிமிஷம் வெறும் காற்று.
அப்புறம் துரு. அப்புறம் பதினாலு டிரம்.
சாவிக்காரர் மசூதிப் பக்கத்துச் சக்கரத்தை
இரண்டு சுற்றுக் குறைத்துத் திறந்தால் பதினொன்று.
திங்கட்கிழமை மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள்.
திங்கட்கிழமை ஒன்பது.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்தார்.
"மெதுவாச் சொல்லு. திங்கள் எத்தனை?"
ஒன்பது.
ஒன்பது என்று எழுதினார்.

அவ்வளவுதான் நடந்தது. மேளம் கொட்டவில்லை.
திரும்பும்போது ஷாகுல்
என் பங்கு வடாபாவையும் தின்று
என் தோளிலேயே தூங்கினான்.
மறுநாள் குடோனுக்குப் போனான்.
அவன் பெயருக்கு நேரே
இன்னும் அதே எழுத்து.

என்னை மதிய ஷிஃப்டுக்கு மாற்றினார்கள்.
அதற்கு மூன்று கையெழுத்து, நாலு நாள் அலைச்சல்,
அம்மா போட்ட ஒரு சண்டை.
வார்டு ஆபீசும் பள்ளியும் ஒரு தாளில் ஒப்புக்கொண்டன:
வியாழன்தோறும் நாலு பேர், இருபது குழாய்,
ஒரு கண்ணாடிக் குப்பி, ஒரு சொட்டு மருந்து.
மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது.
குடிக்கலாம்.

பதினாலு, பதினொன்று, ஒன்பது.
கூட்டி மூன்றால் வகுத்தால்
பதினொன்றும் கொஞ்சமும்.
"அந்தக் கொஞ்சம் யார் வீட்டுக்குப் போகுது சார்?"
கணக்கு சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
அப்புறம் அதையே பலகையில் எழுதினார்.

இன்று பதினெட்டாம் குழாய். எங்களுடையது.
அம்மா குடத்தை நகர்த்தி வழிவிட்டாள்,
அதிகாரிக்கு விடுவதுபோல.
குப்பியைப் பிடித்தேன். சொட்டு விட்டேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

மஞ்சள் இல்லை.
குப்பியைக் கழுவி மறுபடி.
இல்லை.

தேதி, நேரம், குழாய் எண்.
கட்டத்துக்குள் எழுதினேன்,
எஸ்தர் டீச்சரிடம்
சிவப்புப் பேனாவைக் கடன் வாங்கி.